மகேஸ்வரிக்குக் கோபம் வரும்

செய்தி வந்தபோது இறங்குதளத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கூடை பாரைக்காகப் பண்ருட்டி வியாபாரியும் உள்ளூர்க்காரனும் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். போனில் யார் பேசுகிறார்கள் என்றே எனக்குக் கேட்கவில்லை.

"பாலாஜி பேசுறேன் மாமா. காலேஜ் லேப்லேருந்து. மகேஸ்வரி மேடம் போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். எங்கே என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷமாகப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருந்தவர். ஆனாலும் அப்படித்தான் வாயில் வந்தது. பாலாஜி அழுதான்.

பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். கீழ வீதிக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தெருவில், அவர் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். எல்லாருக்கும் கட்டுவதுதான். எங்கள் குப்பத்தில் எத்தனையோ பேருக்கு நானே கட்டியிருக்கிறேன். ஆனால் அந்த வாயைக் கட்டிவைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு உங்கள் கல்லூரியில் இரங்கல் கூட்டம் போட்டீர்கள். என்னையும் கூப்பிட்டுப் பின்வரிசையில் நாற்காலி கொடுத்தீர்கள். மேடை ஏறியவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே பேசினீர்கள். மகேஸ்வரி மேடம் பொறுமைசாலி, மகேஸ்வரி மேடம் அதிர்ந்து பேச மாட்டார், மகேஸ்வரி மேடத்துக்குக் கோபமே வராது. முதல்வர் ஐயா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு "அந்தப் புன்னகை" என்றார். நீங்கள் யாரைப் பற்றிப் பேசினீர்கள்?

நீங்கள் போடும் நினைவு மலருக்கு நாலு வரி வேண்டும் என்று பாலாஜி கேட்டான். நான் படிக்காதவன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கவிதா எழுதுகிறாள். தமிழை அவள் திருத்திக்கொள்ளட்டும், கோபத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

கடலூருக்குத் தெற்கே எங்கள் இறங்குதளத்தில் ஓர் அறை இருக்கிறது. அதில் ஒரு கம்ப்யூட்டர், கூரை மேல் ஒலிபெருக்கி. கடலைப் பற்றி அரசாங்கம் அனுப்பும் அறிவிப்பு எழுத்தாக வந்து சேரும். அதை அந்த மெஷின் வாய்விட்டுப் படிக்கும். காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, போகலாமா கூடாதா. கல்லூரி வேலையாக அதைச் செய்து கொடுத்தவர் மகேஸ்வரி. அறைச் சாவி என்னிடம்.

கரையில் நின்று காற்றைப் பார்த்துச் சொல்ல எங்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் கரையில் இலை அசையாத நாளில்கூட, எங்கோ நடுக்கடலில் கிளம்பிய அலை வந்து படகைக் கவிழ்க்கும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு காலத்தில் அறிவிப்பைத் தாளில் அடித்து வலைக்கூடத்துச் சுவரில் ஒட்டுவார்கள். ஒட்டிய தாளுக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் என் தம்பி அன்றைக்கு வலையைச் சரிபார்த்தான். அவனும் என்னைப் போலப் படிக்காதவன். தலைக்கு மேலே போகாதே என்று எழுதியிருந்தது. போனான். படகு மட்டும்தான் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கியது.

அதனால்தான் சொல்கிறேன், அந்த மெஷின் எங்களுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை.

அது முதன்முதலில் பேசிய நாள் நினைவிருக்கிறது. மூக்கால் பேசியது. மீன் விற்கும் அஞ்சலை கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்: "யாரு இவ? மூக்கடைச்ச மாமியா மாதிரி பேசுறா?"

மகேஸ்வரி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "மாமியா சொன்னா கேப்பீங்களா மாட்டீங்களா?" என்றார்.

"கேக்காம இருக்க முடியுமா? சோறு போட மாட்டாளே!"

"அப்ப இந்தக் குரலே இருக்கட்டும்."

அன்றிலிருந்து குப்பத்தில் அதற்கு மாமியா என்றே பேர். 'மாமியா இன்னா சொன்னா?' என்று கேட்டுவிட்டுத்தான் படகை இறக்குவார்கள்.

கம்ப்யூட்டரில் அவர் என்ன செய்தார் என்பதை எனக்குப் புரியும்படி அவரே சொல்லியிருக்கிறார். மேலே அறிவிப்பை வாங்கிப் பிரித்துப் பார்ப்பது பைத்தான் என்ற மொழியில் எழுதியது. எழுதவும் மாற்றவும் சுலபம், ஆனால் மெதுவாக ஓடும். குரலை உண்டாக்குகிற பகுதியை அதனால் சி என்ற வேறு மொழியில் எழுதி, உள்ளே செருகியிருந்தார். இரண்டையும் சேர்க்கிற இடத்தில்தான் எப்போதும் தகராறு.

"மேல இருக்கறவன் ஒரு பேரைச் சொல்லிக் கூப்புடுவான் மாமா. உள்ள அந்தப் பேர்ல ஒருத்தன் எழுந்து வரணும். ஆள் இல்லன்னா வேலை நடக்காது. சேக்குறப்ப ஒவ்வொரு பேருக்கும் ஆள் இருக்கான்னு பாக்கிறதுக்கு லிங்கர்னு ஒண்ணு இருக்கு. ஆள் இல்லன்னா அது திட்டும். அந்தத் திட்டுதான் எரர்."

அந்தத் திட்டுகளை அவர் உரக்கப் படிப்பார். படித்துவிட்டுத் திருப்பித் திட்டுவார். என்ன வாய் அது! ஏலத்துக்கு வரும் பெண்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். "சிதம்பரத்து அம்மா நம்மளுக்கு மேல இருக்காங்களே" என்பாள் அஞ்சலை. கோபமே வராதாம்!

எனக்கு எழுத்துத்தான் வராது, கேட்டது மறக்காது. ஒருமுறை அவர் காலையிலிருந்து ஒரே எரரோடு முட்டிக்கொண்டிருந்தார். அவர் படித்த பேரை நான் முன்பே கேட்டிருந்தேன். "போன மாசியில இதே பேருதான் சொன்னீங்க. அன்னிக்கு எதையோ எடுத்து வரிசையில கடைசியா வெச்சீங்க. அப்புறம் சரியாச்சு" என்றேன்.

என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு மாற்றி வைத்தார். எரர் போய்விட்டது. கேட்பவனை முன்னாலும் கொடுப்பவனைப் பின்னாலும் வைக்க வேண்டுமாம், மாற்றி வைத்தால் லிங்கர் கொடுப்பவனைத் தேவையில்லை என்று கடந்து போய்விடுமாம். அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அடுத்த முறை அவர் எரர் படிக்க ஆரம்பித்ததுமே, "கடைசில வெய்யுங்க, கடைசில வெய்யுங்க" என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நாற்காலியைத் திருப்பினார்.

"வாய மூடுங்க மாமா! அன்னிக்கு ஆள் இருந்தான், எடம் தப்பு. இன்னிக்கு ஆளோட பேரே வேற மாதிரி பதிவாயிருக்கு. முன்னாலயும் பின்னாலயும் என்னென்னவோ எழுத்து ஒட்டிக்கினு இருக்கு. ஞாபகம் வெச்சிருக்கறது வேற, தெரிஞ்சிக்கறது வேற. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. குத்துமதிப்பா சொல்றவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கினு வரும்."

எனக்கு அவமானமாக இருந்தது. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் சாவியைக் கவிதாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தார், கூடவே மாத்திரை டப்பா ஒன்று, என் முழங்கால் வலிக்கு. மன்னிப்பு கேட்கவில்லை. சொன்னது சரிதானே, எதற்குக் கேட்க வேண்டும்?

இன்னொரு விஷயமும் அவர் சொல்வார். அந்த லிங்கருக்கு இரண்டு விதமாக உத்தரவு போடலாமாம். ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அப்புறம் வருவான் என்று விட்டுவிடச் சொல்லலாம். அல்லது, ஒரு ஆள் குறைந்தாலும் அங்கேயே நில், நகராதே என்று சொல்லலாம். அவர் எப்போதும் இரண்டாவதைத்தான் போடுவார். "இங்கியே கத்திட்டா நல்லது மாமா. இங்க பல்லைக் காட்டிட்டு அங்க போய் கழுத்தை அறுக்கக் கூடாது" என்பார்.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

போன வருஷம் எங்கள் அறிவிப்பு அறையை ஒரு திட்டத்தில் சேர்த்தார்கள். 'அலைத்துணை' என்று பேர் வைத்துப் புது கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் சதீஷ் என்ற பையன் வந்து மகேஸ்வரி எழுதியதை எல்லாம் புது மெஷினுக்கு மாற்றினான். அவர் அப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஒரு வார்த்தை அவரைக் கேட்கவில்லை. திறப்பு விழாவுக்குப் பந்தல், மாலை, பெரிய பெரிய கார். பொத்தானை அமுக்கியதும் ஒலிபெருக்கியில் தேன் மாதிரி ஒரு பெண் குரல்: "அன்பு மீனவ நண்பர்களே, கடல் அமைதியாக உள்ளது. மகிழ்வுடன் சென்று வாருங்கள்." எல்லாரும் கைதட்டினார்கள். "மாமியாவுக்கு மூக்கு சரியாயிடுச்சு" என்று சிரித்தாள் அஞ்சலை. நானும் சிரித்தேன்.

மறுநாளும் அதே குரல், கடல் அமைதி. அதற்கு மறுநாளும் அதே. மூன்றாவது முறை கேட்கும்போதுதான் அது என் காதில் பட்டது. 'கடல்' என்பதற்கும் 'அமைதியாக' என்பதற்கும் நடுவில், தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது. திறப்பு விழா அன்றும் அதே இடத்தில் அதே ஹாரன் அடித்தது. மெஷின் தானே உண்டாக்கும் குரலுக்குள் லாரி எப்படி வரும்? எவளையோ உட்கார வைத்துப் பேசச்சொல்லிப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பதிவுதான் தினமும் ஓடுகிறது. கவிதாவைக் கூப்பிட்டு அவள் போனில் அன்றைய அறிவிப்பைப் படிக்கச் சொன்னேன். பேரலை எழும்பும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று படித்தாள். வெளியே மகிழ்வுடன் சென்று வாருங்கள் என்று தேன் ஒழுகுகிறது. அஞ்சலையின் மகன் படகைத் தண்ணீர் வரைக்கும் தள்ளிவிட்டான்.

ஒலிபெருக்கி ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். முழங்கால் வலியோடு ஓடி அவன் படகின் முன்னால் விழுந்தேன்.

"இன்னா மாமா, பைத்தியமா ஒனக்கு? மாமியாவே போன்னு சொல்லிட்டா!"

"அது மாமியா இல்லடா!"

படகை மணலுக்கு இழுக்க வைத்துவிட்டுத் திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டால், அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாக என் மேல் புகார் எழுதப்போவதாகச் சொன்னார்கள். சதீஷுக்குப் போட்டால், "மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க பெரியவரே" என்றான். கடைசியில் மகேஸ்வரிக்குப் போட்டேன். அவர் வீட்டுக்காரர் எடுத்து, "அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க, எழுந்து உக்கார முடியல" என்றார். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "யாரு, மாமாவா? போனைக் கொடுங்க."

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார், பாலாஜியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பஸ்ஸில். தலையில் துணி கட்டியிருந்தார். முடியெல்லாம் கொட்டிப்போயிருந்தது. வெள்ளாற்றுப் பாலத்திலும் ஆலப்பாக்கத்திலும் பஸ்ஸை நிறுத்தி வாந்தி எடுத்தாராம். "கண்டக்டர் என்னை மசக்கைன்னு நெனச்சிக்கினு முன் சீட்டு கொடுத்தான் மாமா, இந்த வயசுல" என்று சிரித்தபடி உள்ளே போனவர், திரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

அவர் கண்டுபிடித்ததை அப்படியே சொல்கிறேன். குரல் தருகிற பகுதிக்கு அவர் வைத்த பேர் 'குரல்'. சதீஷ் திட்டத்தின் பேர் எங்கும் தெரிய வேண்டும் என்று, அந்தக் கோப்பின் மேல் மட்டும் 'அலைத்துணை' என்று பேரை மாற்றிவிட்டான். உள்ளே மாற்றவில்லை. பைத்தான் வெளிப்பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, உள்ளே இருப்பவன் அது நான் இல்லை என்று உட்கார்ந்திருக்கிறான். அவர் உள்ளேயும் பேரை மாற்றி மறுபடி சேர்த்தார். இப்போது வேறு எரர். குரலுக்கு அடியில் வேலை செய்கிற ஒரு பகுதி புது மெஷினில் போடப்படவே இல்லை. அப்படியானால் சதீஷ் சேர்த்தபோதே லிங்கர் நின்றிருக்க வேண்டுமே? திரையில் எழுத்தைக் கீழே நகர்த்திப் பார்த்தார். ஆள் குறைந்தால் நில் என்று அவர் போட்டிருந்த உத்தரவை அவன் அழித்திருந்தான். அதற்குக் கீழே, குரல் வராவிட்டால் விழாப் பதிவை ஓட்டு என்று புதிதாக ஒரு வரி.

முதல் வேலையாக அந்த வரியை அழித்தார்.

விடுபட்டதைப் பாலாஜி போட்டான். சதீஷ் அழித்த உத்தரவை அவர் திரும்ப எழுதினார். சேர்த்தார், எரர். "கடைசில வெய்யுங்க" என்று எனக்கு நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். அவரே திரும்பி, "என்ன மாமா, சொல்றதுதானே?" என்றார். "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "பரவால்ல, தேறிட்டீங்க. ஆனா இன்னிக்கு அதேதான்" என்று வரிசையை மாற்றினார். எரர் வரவில்லை. பிடுங்கிய ஒயரை நான் செருகினேன். மூக்கடைத்த குரலில் மாமியா பேசினாள்: கடல் சீற்றமாக இருக்கும், யாரும் போக வேண்டாம்.

வெளியே அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் சதீஷும் திட்ட அலுவலரும் வந்தார்கள், என் மேல் புகாரை விசாரிக்க. "நல்லா இருந்ததை ஏங்க கலைக்கிறீங்க? ஃபங்ஷன் அன்னிக்கு எரர் வந்தா அசிங்கம்னுதான் மேடம்..." என்று ஆரம்பித்தான் சதீஷ்.

மகேஸ்வரி எழுந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. ஆனால் அந்தச் சத்தம் ஏலக்கூடத்துக்கே கேட்டது.

"ஊமையா விட்டிருந்தா இவங்க பொழச்சிக்குவாங்கடா! கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா பக்கத்துல கேட்டுக்குவாங்க! நீ பொய் பேச வெச்சிட்டுப் போயிருக்கே! எரர் அசிங்கமா? இந்தம்மா புள்ள பொணமா ஒதுங்கியிருந்தா அது அழகா? சார், நீங்க கைதட்டினீங்களே, எதுக்குத் தட்டுறோம்னு தெரிஞ்சிதான் தட்டினீங்களா?"

இதுதான் மகேஸ்வரி. இந்தப் பெண்ணைத்தான் நீங்கள் மேடையில் வைத்துப் புன்னகைக்க வைத்தீர்கள்.

அடுத்து நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன். அலுவலர் கல்லூரிக்குப் புகார் அனுப்பினார். பொது இடத்தில் அதிகாரியை அவமதித்தார் என்று. முதல்வர் ஐயா, நீங்கள் அவரைக் கூப்பிட்டு, மன்னிப்பு எழுதிக் கொடு, திட்டம் கல்லூரியின் கையை விட்டுப் போய்விடும் என்றீர்கள். மருந்து ஏறிக்கொண்டிருந்த உடம்போடு உங்கள் அறையில் நின்றுகொண்டே அவர் முடியாது என்றார். இறங்குதளத்து வேலையிலிருந்து அவர் பேரை எடுத்தீர்கள். அந்த அலுவலர் சாவுக்கு மலர்வளையம் அனுப்பினார், நீங்கள் கைக்குட்டை கொண்டுவந்தீர்கள்.

கடைசியாக நான் அவரைப் பார்க்கப் போனபோது கேட்டேன், "ஒரு வார்த்தை மன்னிப்புன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே, ஒடம்பு இருக்கற இருப்புல?"

கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "நான் மன்னிப்பு கேட்டா அவன் செஞ்சது சரின்னு ஆயிடும் மாமா. நாளைக்கு மறுபடியும் அந்த ரெக்கார்டு ஓடும்."

ஓடப் பார்த்தது. கூட்டம் முடிந்து நான் ஊர் திரும்பிய வாரத்திலேயே, யாரோ தூரத்தில் இருந்தபடி மெஷினில் எதையோ மாற்றியதில் மாமியா வாயடைத்துப் போனாள். திரையில் எழுத்து நின்றது. அவர் போட்ட உத்தரவுதான், ஆள் குறைந்தால் நில். பாலாஜிக்குச் சொன்னேன், மதிய பஸ்ஸில் வருவதாகச் சொன்னான். அதற்குள் அலுவலகத்திலிருந்து போன்.

"பெரியவரே, ஆள் வர்ற வரைக்கும் அந்தப் பழைய ரெக்கார்டை ஓட விடுங்க. ஜனங்க சும்மா இருப்பாங்க."

அவனுக்கு நான் சொன்ன பதிலைக் கவிதா எழுத மாட்டேன் என்கிறாள்.

விடிந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. கவிதாவின் போனில் அறிவிப்பைப் பார்க்க நெட் வரவில்லை. ஆட்கள் படகுகளைச் சுற்றி நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கை எடுத்தேன்.

"மாமியா இன்னிக்குப் பேசல. மெஷின் கெட்டுப்போச்சு. கடல் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியற வரைக்கும் எவனும் எறக்காதீங்க."

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "யோவ் மச்சான், தெரியாதுங்கறத இவ்ளோ சத்தமாவா சொல்லுவே?"

"ஆமாண்டா! தெரியாது! தெரியாது!"

மகேஸ்வரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். உங்கள் மலருக்கு அவருடைய புன்னகையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கோபத்தை நான் யாருக்கும் தருவதாக இல்லை. பாலாஜி வந்து சரிசெய்து, மாமியா மூக்கால் பேச ஆரம்பிக்கும்வரை ஒரு படகும் மணலை விட்டு அசையவில்லை.